வேரிழந்த ஆர்க்கிட் செடியில் புதுவேர் பிடிக்க வைப்பது எப்படி?

சீனப் புத்தாண்டு முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆனதும், கோலாலம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குப்பை அறைக்கு வெளியே ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் செடிகள் ஒவ்வொன்றாக வந்து சேரத் தொடங்கும். பூக்கள் உதிர்ந்து, பூந்தண்டு காய்ந்து, இலைகள் சுருங்கித் தொங்கும் அச்செடிகளைப் பார்ப்பவர்கள் அவை செத்துவிட்டன என்றே எண்ணுகிறார்கள். பெரும்பாலும் செத்திருப்பது வேர் மட்டுமே. இலைகளின் நடுவில் இருக்கும் குருத்து பச்சையாகவும் இறுக்கமாகவும் இருக்கும் வரை அச்செடிக்குப் புதுவேர் விடும் ஆற்றல் உண்டு. செந்தூலில் என் வீட்டுப் பால்கனியில் இப்போது இருக்கும் ஏழு ஃபெலனாப்சிஸ் செடிகளில் ஐந்து இப்படிக் குப்பை அறையிலிருந்து எடுத்து வந்தவைதாம். அவற்றைத் தேற்றக் கற்றுக்கொள்வதற்குள் நான் சாகடித்த செடிகளும் ஏறத்தாழ அத்தனை இருக்கும். அவற்றுள் ஒன்றுகூடத் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை.

நம் நாட்டில் பண்டிகைக் காலத்தில் விற்கப்படும் ஃபெலனாப்சிஸ் செடிகளில் பல கேமரன் மலையின் குளிரில் வளர்ந்தவை. அங்கே, கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல், தெளிந்த பிளாஸ்டிக் தொட்டியில் ஸ்பாக்னம் பாசியை இறுக அடைத்து வளர்ப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அத்தகைய ஐந்தாறு தொட்டிகளை அடியில் துளையில்லாத ஒரு பீங்கான் தொட்டிக்குள் நெருக்கி வைத்து, மேலே பாசியைப் பரப்பி மறைத்து, பகலில் 33 பாகை செல்சியசும் இரவில் 24 பாகையும் இருக்கும் கோலாலம்பூர் வரவேற்பறையில் வைத்தால், பாசியின் நடுப்பகுதி காய்வதே இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்து காற்று மட்டும் இல்லாத அந்த இடத்தில் வேர்கள் சில வாரங்களிலேயே அழுகிவிடுகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வேர் அழுகிய செடிக்கும் தண்ணீர் போதாத செடிக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. இரண்டிலும் இலை தொய்ந்து தோல் சுருங்கும். "ஏம்மா, செடி இப்படி வாடிக் கெடக்குதே, ஒரு குவளை தண்ணி ஊத்துனா என்ன?" என்று என் மாமியார் கேட்டபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தொட்டி நிறைய ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச வேர் இல்லாததால்தான் இலை வாடுகிறது என்பது, செடியைப் பிடுங்கிப் பார்த்த பிறகே விளங்கியது.

ஆர்க்கிட் வேர் எப்படிப்பட்டது என்பதைச் சாலையோர மரங்களிலேயே காணலாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பழைய மழைமரங்களின் கிளைகளில் புறா ஆர்க்கிட் தானாகவே தொற்றி வளர்கிறது. மாலை மழையில் அதன் வேர்கள் நனைகின்றன. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடுகின்றன. வேரைச் சுற்றி வெலமென் எனப்படும் பஞ்சு போன்ற உறை ஒன்று இருக்கிறது. அது செத்துப்போன உயிரணுக்களாலானது. மழைத்துளி பட்டவுடன் நீரை இழுத்துப் பிடித்து, உள்ளே இருக்கும் மெல்லிய உயிர்வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. காய்ந்திருக்கையில் வெள்ளி நிறத்திலும் நனைந்ததும் பச்சையாகவும் அது தெரிவது இதனால்தான். அந்தப் பஞ்சில் ஓயாமல் நீர் நின்றால் காற்று புக வழியில்லை. வேர் மூச்சு முட்டிச் சாகிறது. ஆகவே, புதுவேர் வரவழைக்க நாம் செய்யும் எல்லாமே நனைவதும் காய்வதும் மாறி மாறி நிகழ்வதற்கு இடம் செய்து தருவதுதான். 1888ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட, இன்று பெர்டானா தாவரவியல் பூங்கா எனப்படும் ஏரிப் பூங்காப் பகுதிக்குச் செல்பவர்கள், அங்குள்ள ஆர்க்கிட் தோட்டத்தில் பூக்களைப் படமெடுத்த பின், வாண்டா செடிகளின் வேர்களையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வருவது நல்லது. நலமான வேர் எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதிந்துவிட்டால் மற்ற வேலை எளிதாகும்.

பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தல்

செடியைத் தொட்டியிலிருந்து இழுக்காதீர்கள். பாசி இறுகியிருந்தால் பிளாஸ்டிக் தொட்டியைக் கத்தரியால் வெட்டிப் பிரித்து, பாசி உருண்டையை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு விரலாலும், விரல் போகாத இடத்தில் சாத்தே குச்சியாலும், பாசியை இழை இழையாக நீக்க வேண்டும். வேர்களின் நடுவே, தண்டுக்கு நேர் கீழே, சின்னக் கட்டைவிரல் அளவில் இறுகிய பாசிக் கட்டியோ வலைப்பையோ இருக்கக்கூடும். நாற்றாக இருந்தபோது வைத்து வளர்த்தது அது. மேலே உள்ள பாசியை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கட்டியை விட்டுவிடுபவர்கள் பலர். அழுகல் தொடங்குவதே பெரும்பாலும் அங்கேதான்.

ஒவ்வொரு வேரையும் இரு விரல்களுக்கு இடையே மெல்ல அழுத்திப் பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பாசிக் கறை படிந்து பழுப்பாகத் தெரியும் வேர் நலமாக இருக்கலாம், வெளிச்சம் படாமல் வளர்ந்த வேர் மஞ்சளாகவும் இருக்கலாம். கெட்டியாக இருந்தால் அது உயிருள்ளது. அழுத்தியதும் நீர் கசிந்து, மேலுறை கையோடு கழன்று வந்து, உள்ளே கம்பி போன்ற நரம்பு மட்டும் மிஞ்சினால் அது செத்தது. செத்த வேர்களை வெட்டிவிட்டாலும், அழுகாமல் காய்ந்திருக்கும் நரம்புகளில் இரண்டு மூன்றை நான் விட்டு வைப்பதுண்டு. பின்னால் செடியை ஆடாமல் கட்டி நிறுத்த அவை உதவும். தண்டின் அடிப்பகுதி கறுத்துப்போயிருந்தால், வெட்டுமுகம் வெளிர் பச்சையாகவோ வெண்மையாகவோ தெரியும் வரை சிறிது சிறிதாக நறுக்க வேண்டும்.

கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் முன்பு அடுப்புத் தீயில் காட்டி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்ற நோய்கள் வெட்டும் கருவியில் ஒட்டும் சாற்றின் வழியாகவே செடிக்குச் செடி தொற்றுகின்றன. வந்துவிட்டால் அவற்றுக்கு மருந்து கிடையாது.

வெட்டிய இடங்களில் சிறிதளவு இலவங்கப்பட்டைத் தூள் தடவலாம். அது ஈரத்தை உறிஞ்சிக் காயத்தை ஆற்றும். அதே காரணத்தால் நல்ல வேரின் மேல் பட்டால் அதையும் உலர்த்திவிடும், ஆதலால் வெட்டுமுகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்குவதைக் கண்டு மகிழ்வோரும் உண்டு. அந்த நுரை அழுகலை மட்டும் தேடிப் போவதில்லை, நல்ல திசுவையும் எரிக்கிறது என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. அழுகல் தண்டு வரை ஏறியிருந்தால் மட்டும் காப்டான் அல்லது மான்கோசெப் அடங்கிய பூஞ்சைக்கொல்லியை, உறையில் குறிப்பிட்ட அளவில் கரைத்து, கையுறை அணிந்துகொண்டு ஒருமுறை தடவுவது போதும். அதன் பிறகு செடியைத் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு ஒரு முழு நாள் காயவிடுங்கள். ஏற்கெனவே வாடிய செடியை மேலும் காயவிடுவதா என்று மனம் பதறும். ஆனால் ஈரக் காயத்தோடு மறுபடியும் ஈரத்தில் வைத்த செடிகளைத்தான் நான் இழந்திருக்கிறேன்.

புட்டியில் வைத்துத் தேற்றுதல்

நல்ல வேர் இரண்டு மூன்றாவது மிஞ்சியிருந்தால் செடியை நேராகத் தொட்டிக்கே மாற்றிவிடலாம். அதைக் கீழே சொல்கிறேன். ஒன்றுமே மிஞ்சாத செடிக்குத்தான் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது.

குளிர் நாடுகளில் இத்தகைய செடியை ஈரப் பாசியோடு பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, வாயைக் கட்டி வைப்பார்கள். வறண்ட காற்றுள்ள வீடுகளில் அது நல்ல வழி. இரவு முழுதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் அதைச் செய்து பார்த்தேன். பத்தே நாளில் குருத்தின் மேல் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்துவிட்டது. நமக்கு வேண்டியது தண்டின் அடியைச் சுற்றி ஈரக்காற்றும் இலைகளைச் சுற்றி ஓடும் காற்றுமே.

அதற்கு, தீபாவளிக்கு முறுக்கு அடைத்து வைக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் புட்டியைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. மூடியை எடுத்துவிட்டு, அடியில் இரண்டு அங்குலத்திற்குக் கூழாங்கற்களோ உடைத்த செங்கல் துண்டுகளோ போட்டு, கற்களின் பாதி உயரத்திற்கு நீர் ஊற்றுங்கள். செடியின் இலைகள் புட்டியின் வாய் விளிம்பில் படிந்து நிற்க, தண்டின் அடி உள்ளே, நீர்மட்டத்திலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே இருக்குமாறு அமர்த்துங்கள். தண்டு நீரைத் தொடக்கூடாது. ஈரக் கல்லையும் தொடாமல் இருப்பது நல்லது. நீரை வாரம் இருமுறை முழுதாகக் கொட்டி, கற்களை அலசி, மாற்றிவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனைக்கு வந்து தண்டம் விதிக்கும் நகரத்தில் ஆர்க்கிட் வளர்க்கப்போய் டிங்கி வளர்த்தவர் என்ற பெயர் வேண்டாம்.

செடி அசையக் கூடாது. இதைச் சிறு விஷயமாக எண்ணுபவர்கள்தாம், வேர் எட்டிப் பார்த்துப் பார்த்துக் கருகுகிறது என்று வருந்துகிறார்கள். புதுவேரின் நுனி ஓர் அரிசி முனையைவிட மென்மையானது. மின்விசிறிக் காற்றில் செடி இலேசாக ஆடினாலே அது உராய்ந்து நின்றுவிடும். புட்டியின் விளிம்பில் இரண்டு துளையிட்டு, தண்டைப் பழைய பனியன் துணிக் கீற்றால் இருபுறமும் இழுத்துக் கட்டுவது என் வழக்கம்.

வைக்கும் இடம் வெளிச்சமாக இருக்க வேண்டும். நோயாளி என்று இருட்டு மூலையில் வைத்தால், வேரைக் கட்ட வேண்டிய மாவுச்சத்தை இலையால் செய்ய முடியாது. பகலில் விளக்கில்லாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற, அதேசமயம் இலைமேல் நேர்வெயில் விழாத இடம் சரியானது. கையை நீட்டினால் நிழல் மங்கலாக விழ வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனியின் உள்பக்கம் உகந்தது. குளிர்சாதனம் ஓடும் அறை மட்டும் ஆகாது. ஃபெலனாப்சிஸ் தன் இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கும் செடி. குளிர்சாதனத்தின் வறண்ட காற்றில் இரவெல்லாம் அது நீரை இழந்துகொண்டே இருக்கும்.

காலை ஏழு எட்டு மணிக்குள் இலைகளின் அடிப்புறத்திலும் தண்டிலும் மெல்லிய தூவானமாக நீர் தெளியுங்கள். குருத்துக்குள் நீர் தேங்கினால் மெல்லிழைத்தாளின் முனையைச் சுருட்டி விட்டு உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். மாலைக்குப் பிறகு தெளிக்கவே வேண்டாம். செடியில் இன்னும் பூந்தண்டு இருந்தால், பூவே இருந்தாலும், அடியோடு வெட்டிக் குவளையில் வைத்துவிடுங்கள். வேரில்லாத செடி இலையில் மிச்சமிருக்கும் நீரைப் பூவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இலைகளை மட்டும், எவ்வளவு தொய்ந்திருந்தாலும், தானாகப் பழுத்து விழும் வரை வெட்டாதீர்கள்.

மருந்தும் ஊட்டமும்

வேர் வளர்ச்சிக்கு என்று விற்கப்படும் புட்டிகளில் பெரும்பாலும் வைட்டமின் பி1 என்று பெரிதாக எழுதியிருக்கும். செடிகள் தமக்கு வேண்டிய பி1ஐத் தாமே இலையில் செய்துகொள்கின்றன. வெளியிலிருந்து ஊற்றுவதால் வேர் வருவதில்லை. அத்தகைய சில புட்டிகளால் பலன் கிடைத்ததென்றால், அதே கரைசலில் சேர்த்திருக்கும் என்.ஏ.ஏ. எனும், ஆக்சின் வகையைச் சேர்ந்த வேர் ஊக்கியே அதற்குக் காரணமாக இருக்கும். எனவே உறையின் பின்புறத்தில் சிற்றெழுத்தில் உள்ளதைப் படித்து, என்.ஏ.ஏ. அல்லது அதே வகை ஊக்கியான ஐ.பி.ஏ. அடங்கியதை வாங்குங்கள். அதைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கொடுத்தால் வேர் குட்டையாகத் தடித்து நின்றுவிடும்; இரண்டு வாரத்திற்கு ஒருமுறை தண்டின் அடியில் பூசுவதோடு நிறுத்துங்கள். கடற்பாசிச் சாறும் பயன்படும். ஊக்கியே இல்லாமலும் வேர் வரும். காற்றும் ஈரமும் வெளிச்சமும் சரியில்லாத இடத்தில் எந்த ஊக்கியாலும் வேர் வராது.

அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் தாராளமாக ஊற்றலாம். வேரற்ற ஆர்க்கிட்டின் தண்டில் அந்தக் கஞ்சித்தன்மை படிந்தால் எறும்பும் பூசணமும்தான் வரும். உரமும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். மணிச்சத்து மிகுந்த உரம் வேரை வளர்க்கும் என்ற பேச்சை நம்பி வாங்கிப் போடுவோர் பலர். அந்த உப்பு புதுவேரின் நுனியைக் கருக்குவதுதான் நான் கண்ட பலன்.

காத்திருக்கும் காலம்

கோலாலம்பூரின் வெப்பத்தில் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் ஏதேனும் தெரிய வேண்டும். குருத்து பச்சையாக இருந்தால் பன்னிரண்டு வாரம் வரைகூடப் பொறுத்திருக்கிறேன். முதலில் தெரிவது வேரல்ல. கீழ் இலைக்கு அடியில், தண்டின் தோல் சற்றே புடைத்து வெடிக்கும். காய்ந்துபோன பழைய இலையுறை அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் அதை நீளவாக்கில் கிழித்து உரித்து வழிவிடுங்கள். உள்ளிருந்து முட்டும் வேருக்கு அது பெரிய தடை. வெடிப்பிலிருந்து பளபளப்பான பச்சை நுனி, சில வகைகளில் செந்நிற நுனி, எட்டிப் பார்க்கும். மழுங்கி உருண்ட நுனியாக இருந்தால் வேர். கையுறையின் கட்டைவிரல் போல ஒரு பக்கம் மடிப்புடன் கூர்ந்திருந்தால் அது பூந்தண்டு.

இந்த நுனியை விரும்பித் தின்பவை இரண்டு. நத்தையை எல்லோருக்கும் தெரியும். கரப்பான்பூச்சியைப் பெரும்பாலோர் சந்தேகிப்பதில்லை. எட்டாவது மாடியில் நத்தை எப்படி ஏறி வந்தது என்று மூன்று வாரம் குழம்பிய பிறகு, ஓர் இரவு பத்து மணிக்குக் கைவிளக்கோடு போய்ப் பார்த்தேன். புட்டியின் உள்விளிம்பில் கரப்பான் ஒன்று அமர்ந்து, கத்தியால் சீவியதுபோல் நுனியைக் கொறித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து செடிகளை இரவில் கம்பியில் தொங்கவிடுகிறேன். நுனி தின்னப்பட்ட வேர் செத்துவிடுவதில்லை. சில வாரங்களில் பக்கவாட்டில் கிளை விடும், ஆனால் செடிக்கு அவ்வளவு நாள் வீண்.

மற்ற இனங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டென்ட்ரோபியம், ஒன்சிடியம், கேட்லியா ஆகியவை புதிதாகக் கிளைக்கும் குருத்தின் அடியிலிருந்தே பெரும்பாலும் வேர் விடுகின்றன. ஆகையால் அவற்றை மாற்றி நட, குருத்து ஓரிரு அங்குலம் வளர்ந்து வேர்முனை தெரியும் நேரமே ஏற்றது. இலையில்லாத பழைய டென்ட்ரோபியம் தண்டுகளை வெட்டிவிடாதீர்கள், நீரும் உணவும் அவற்றில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அத்தண்டின் கணுவில் முளைக்கும் குட்டிக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வேர் வந்ததும் தனியே பிரித்து வைக்கலாம். வாண்டாவுக்குத் தொட்டியே வேண்டாம். நிழலில் தொங்கவிட்டு, காலையில் பத்து நிமிடம் நீரில் முக்கி எடுத்தால் போதும்.

தொட்டிக்கு மாற்றுதல்

புதுவேர் நான்கு ஐந்து சென்டிமீட்டர் நீண்டதும் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் புட்டியில் விட்டால் வேர் நீண்டு வளைந்துவிடும், நடும்போது ஒடியும். பக்கங்களில் துளையுள்ள, 10 சென்டிமீட்டர் அகல மண்தொட்டி போதுமானது. பெரிய தொட்டி என்பது காயாத தொட்டி. சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் இத்தகைய தொட்டியும், கரியும், தேங்காய் மட்டைத் துண்டும் கிடைக்கும்.

நம் ஊர் மழைக்கு நான் இரண்டு பங்கு கரியும் ஒரு பங்கு மட்டைத் துண்டும் கலக்கிறேன். கோலா செப்பெத்தாங்கில் பாக்காவ் எனும் அலையாத்தி மரத்திலிருந்து சுடும் கரி கெட்டியானது, எளிதில் பொடியாகாது. அதைக் கட்டைவிரல் அளவில் உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துத் தூசு போகக் கழுவிக்கொள்ள வேண்டும். சுட்டுத் தின்னும் விருந்துகளுக்காக அச்சில் வார்த்து விற்கும் கரிக்கட்டிகளில் மாவும் மற்ற பொருள்களும் கலந்திருப்பதால் அவை ஆகா. மட்டைத் துண்டுகளை மூன்று நாள், தினமும் நீரை மாற்றி, சாயமும் உப்பும் இறங்க ஊறவையுங்கள்.

தொட்டியின் நடுவே செடியைப் பிடித்துக்கொண்டு, வேர்களைச் சுற்றித் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். தண்டின் அடி கரிக்கு மேலேயே இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேரை உள்ளே திணிக்காதீர்கள், காற்றில் வளர்ந்த வேர் காற்றிலேயே இருக்க விரும்பும். இங்கும் செடி ஆடாதபடி குச்சி நட்டுக் கட்ட வேண்டும்.

வேர் வெள்ளி நிறமாக மாறிய பிறகே அடுத்த நீர். கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலைதோறும் மழை பெய்கையில் தொட்டி கூரையின் கீழ் இருக்க வேண்டும். பல நாள்கள் நீரே ஊற்ற வேண்டியிராது. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டிருக்குமாதலால் அங்குள்ளவர்கள் அப்போது நாள்தோறும் நனைக்க வேண்டி வரலாம். வேர்கள் கரியைப் பற்றிக்கொண்ட பின், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சம அளவில் உள்ள 20-20-20 உரத்தை ஐந்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்ற அளவில் கரைத்து வாரம் ஒருமுறை கொடுக்கலாம். மாதம் ஒருமுறை வெறும் நீரைத் தாராளமாக ஓடவிட்டுக் கரியில் படிந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

தொய்ந்த பழைய இலைகள் முன்போல் நிமிராமல் போகலாம். அதைக் கொண்டு செடியை எடைபோட வேண்டாம். அடுத்து வரும் புது இலை, முந்தையதைவிடச் சிறியதாக இல்லாமல், கெட்டியாக விரிகிறதா என்று பாருங்கள். அந்த ஆண்டில் பூந்தண்டு ஏதேனும் எட்டிப் பார்த்தால், கை நடுங்கினாலும், ஓர் அங்குலம் வளர்ந்தவுடன் கிள்ளிவிடுங்கள்.